இரண்டே முக்கால் பவுன்

ஏசி திருத்த வந்த பொடியன்
வெளிப்பெட்டியின் மூடியைக் கழற்றி
"அக்கே, மேக்க பலன்ன" என்றான்.

தும்பும் பஞ்சும்
யாரோ காயப்போட்டுத் தொலைத்த பச்சை ரிப்பனும்
சேர்த்துக் கட்டிய கூட்டில்
இரண்டு.
ஒன்று ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.
தாய் எங்கே என்று
அந்த விசிறியைத்தான் கேட்கவேண்டும்.

ஆறியதைக் கற்பூரவல்லிச் சட்டிக்குள் புதைத்தேன்.
மற்றது உள்ளங்கையில்:
ஒட்டிய இமை, வாலென்று சொல்ல ஒரு நூல்,
முதுகில் பென்சிலால் இழுத்துவிட்ட கோடுகள்.
தென்னைக்கும் கீரிக்கும் இதற்கும்
பிள்ளை என்று பெயர்வைத்த பாஷையில்
குட்டி என்று ஒருநாளும்
எனக்கு வாயில் வரவில்லை.

மருந்துக்கடையில்
ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டேன், ஒரு மில்லி.
கடைக்காரர் முதலில் என் முழங்கை மடிப்பைப் பார்த்தார்.
"லேன் பெட்டியெக்" என்றதும்
இரண்டு தந்து ஒன்றுக்கே காசெடுத்தார்.

மாட்டுப்பால் கூடாது என்றார் மிருக வைத்தியர், போனில்.
நாய்க்குட்டிப் பால்மா, இளஞ்சூட்டில்.
மல்லாத்திக் குடுக்காதேங்கோ, புரைக்கேறிச் செத்துப்போகும்.
குடிச்சு முடிய ஈரப்பஞ்சால்
வயித்துக்குக் கீழ தடவுங்கோ,
தாய் நக்குற மாதிரி.

நக்குகிற மாதிரி.
குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
அதையும் பழகினேன்.

இரண்டு மணிக்கொருக்கால் பசி.
ஆகவே அது நூறாம் இலக்க பஸ்ஸில்,
சோற்றுப்பெட்டிக்குள்,
சொக்ஸ் போட்ட வெந்நீர்ப் போத்தலில் சாய்ந்துகொண்டு
செட்டியார் தெருவுக்கு வேலைக்கு வந்தது.

நகைக்கடையில் காசுமேசை எனக்கு.
தராசு வரோதயனுக்கு.
முதலாளி தேத்தண்ணிக்குப் போன நேரம்
கண்ணாடியைத் திறந்து தட்டில் வைத்தோம்.
இருபத்திரண்டு கிராம்.
"ரெண்டே முக்கால் பவுன்" என்றான்,
பழக்கதோஷம்.
"சேதாரம்?" என்றேன்.
பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
திகதி போட்டு எழுதிவைத்தோம்.

பவுன் ஏறியது, இறங்கியது, ஏறியது.
பிள்ளை மூன்றேகால்.
ஒருநாள் திரும்பவும் மூன்று.
அன்றிரவு நான் படுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை
காப்பு விற்க வந்தா ஒரு அம்மா.
நான்கு, கைக்குட்டையில் முடிந்து.
மகனின் ருமேனியாப் பயணத்துக்கு.
வரோதயன் உரைத்துப் பார்க்கையில்
என் லாச்சிக்குள் கீச்சென்றது.
"என்ன பிள்ளை அது?"

எடுத்துக் காட்டினேன்.
கேளாமலே வாங்கினா, சிரிஞ்சையும்.
குப்புறப் பிடித்து, சொட்டுச் சொட்டாய்.
நான் பத்து நாளில் படித்தது
அவவின் விரலில் முதலே இருந்தது.
மூக்கில் வந்த பால்குமிழியைச்
சேலைத் தலைப்பால் ஒற்றினா.
காப்பின் நிறையை
வரோதயன் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

காசை எண்ணிக் கைப்பையில் வைத்து
வாசலில் திரும்பி,
"நாளைக்குக் கண் திறக்கும்" என்றா.

மூன்று நாள் பிந்தித்தான் திறந்தது.
முதலில் கண்டது என்னையல்ல,
கல்குலேட்டரை.

பிறகு எல்லாம் அவசரம்.
யன்னற் சீலையில் ஏறி, கம்பியில் ஓடி,
என் தலைமயிரைப் பிய்த்துக்
கூடுகட்டப் பார்த்தது.
பெல்கனிக் கதவைத் திறந்துவைத்த அன்று
போகவில்லை. மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் தண்டவாளப் பக்கத்துக்
கொட்டம்பா மரத்திலிருந்து
வேறொன்று விடாமல் கத்தியது.
போனது.
பின்னேரம் வந்து மாதுளை தின்றது.
அடுத்த நாளும் வந்தது.
அதற்கடுத்த நாள் மழை.

பில் புத்தகத்தில் கடைசி வரி: ஒன்பதரை.

போன கிழமை
மேல்மாடி ரொட்ரிகோ அன்ரி படியில் மறித்தா.
இன்டர்நெட் வயரை ஒரு அணில் அரித்துப்போட்டதாம்.
துரத்தினாலும் ஓடாதாம்,
ஆளையே பார்த்துக்கொண்டு நிற்குமாம்.
யாரோ வளர்த்ததுபோல இருக்கு,
உமக்குத் தெரியுமா என்று கேட்டா.

"தெரியாது அன்ரி" என்றேன்,
பத்து, பத்தரைப் பவுன் வரும்
என்று வாய்வரை வந்ததை
விழுங்கிக்கொண்டு.